புளியமரத்தடியில் ஒரு கைவிளக்கு

இவ்வாரச் சிந்தனையை எழுத மூன்று வாரங்கள் தயங்கினேன். போதகன் தன் தவற்றை எழுதும்போது அதற்குள்ளும் ஒரு பெருமை ஒளிந்துகொள்ளக்கூடும். ஆயினும் இது நீங்களும் நாள்தோறும் செய்யக்கூடிய தவறு. ஆகையால் எழுதுகிறேன்.

காரில் செல்லும்போது, "இருநூறு மீட்டரில் இடப்பக்கம் திரும்பவும்" என்று சொல்லும் குரலை நீங்கள் அறிவீர்கள். அக்குரல் நம்மில் பலருக்கு எவ்வளவு உதவியிருக்கிறதோ அவ்வளவு எரிச்சலையும் மூட்டியிருக்கிறது. அந்தக் கருவியைப் பற்றி உங்களுக்கும் ஒரு கதை இருக்கும். என் கதையைச் சொல்லுகிறேன்.

சென்ற மழைக்காலத்தில் ஒரு நாள் மாலை ஆறு மணியளவில் எனக்கு ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. பாலக்கோட்டுக்கு அப்பால், மலையடிவாரத்திலுள்ள ஒரு சிற்றூரிலிருந்து எங்கள் சபையைச் சேர்ந்த ஒரு சகோதரி பேசினார். அவருடைய தகப்பனார் பல மாதங்களாகப் படுக்கையில் இருந்தவர். "ஐயா, அப்பா ரொம்ப முடியாம இருக்காங்க. திருவிருந்து எடுக்கணும்னு கேக்கறாங்க. இன்னிக்கே வர முடியுமா?" என்றார். உடனே புறப்படுவதாகச் சொன்னேன்.

அவர் வழி சொல்லத் தொடங்கினார். "பாலக்கோடு தாண்டி மாரண்டஅள்ளி ரோட்டுலயே வாங்க ஐயா. ரேஷன் கடை வரும். அதுக்கு எதிர்ல புளியமரம் இருக்கும். மரத்தை ஒட்டித் திரும்புங்க. அதுக்கு முன்னாடியே ஒரு ரோடு பிரியும், அதுல மட்டும்..."

நான் இடைமறித்தேன். "வேண்டாம் அம்மா, லொகேஷன் அனுப்பிவிடுங்கள், வந்துவிடுகிறேன்" என்றேன். "சரிங்க ஐயா" என்று சொல்லி அவர் நிறுத்திக்கொண்டார். முடிக்கப்படாத அந்த வாக்கியம் இன்றுவரை என் காதில் நிற்கிறது.

அப்பமும் திராட்சை ரசமும் அடங்கிய சிறு பெட்டியைப் பக்கத்து இருக்கையில் வைத்துக்கொண்டு தருமபுரியிலிருந்து புறப்பட்டேன். முக்கால் மணி நேரப் பயணம் என்று கைபேசி காட்டியது. தூறல் விழுந்துகொண்டிருந்தது. ஓசூரிலிருந்து இராயக்கோட்டை, பாலக்கோடு வழியாக அதியமான்கோட்டைக்கு வரும் நான்குவழிச் சாலையை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதன் ஓரமாகவே சர்வீஸ் ரோடும் ஓடுகிறது. நான் பெருஞ்சாலையில் சென்றுகொண்டிருக்க, கருவியோ என்னைச் சர்வீஸ் ரோட்டில் வைத்துக்கொண்டு, தடுப்புச்சுவருக்குள் திரும்பும்படி கட்டளையிட்டது. அதைக் கேட்டுச் சிரித்தேனே தவிர, சந்தேகிக்கவில்லை.

பாலக்கோட்டைக் கடந்து சிறிது தூரம் சென்றதும் குரல் வலப்பக்கம் திரும்பச் சொன்னது. நல்ல தார்ச்சாலைதான். திருப்பத்தில் ஒரு சிறு பெட்டிக்கடை இருந்தது. கடை வாசலில் சாக்கைப் போர்த்தியபடி ஒரு மூதாட்டி நின்று என் காரையே பார்த்தார். கண்ணாடியை இறக்கி, "அம்மா, இந்த வழி சரிதானா?" என்று கேட்க எனக்கு அரை நிமிடம் ஆகியிருக்கும். கேட்கவில்லை. கையில் வழி இருக்கிறவன் எதற்காகக் கேட்க வேண்டும்?

தார்ச்சாலை மண்சாலையாயிற்று. மண்சாலை வண்டித்தடமாயிற்று. கைபேசியின் கோபுரக் குறிகள் ஒவ்வொன்றாக மறைந்தன. கடைசியில் ஒரு தக்காளித் தோட்டத்தின் முள்வேலிக்கு முன்னால் வந்து நின்றபோது, அந்தக் குரல் மிகுந்த அமைதியோடு, "நீங்கள் சேர வேண்டிய இடத்தை அடைந்துவிட்டீர்கள்" என்றது.

தோட்டத்திற்கு அப்பால் ஓடையில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. ஓடைக்கு மறுகரையில், முந்நூறு அடிக்குக் குறைவான தூரத்தில், மரங்களுக்கிடையே சில வீடுகளின் வெளிச்சம் தெரிந்தது. அவற்றில் ஒன்றுதான் நான் செல்ல வேண்டிய வீடு. கருவி பொய் சொல்லவில்லை. அந்த வீட்டுக்கு மிக அருகிலுள்ள வழித்தடத்தில்தான் என்னைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தது. இடையில் ஓடை ஒன்று ஓடுவதை மட்டும் அது கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

இருட்டில் காரைத் திருப்ப முயன்றபோது பின்சக்கரம் சேற்றில் புதைந்தது. தோட்டத்துக் காவலுக்கு வந்த இரண்டு இளைஞர்கள் கல்லும் தென்னை மட்டையும் போட்டுத் தள்ளிவிட்டார்கள். அவர்களில் ஒருவர், "எல்லா வண்டியும் இங்கதான் சார் வந்து நிக்குது" என்றார். மீண்டும் பெருவழிக்கு வந்து, ரேஷன் கடையையும் புளியமரத்தையும் கண்டுபிடித்தபோது மணி எட்டே முக்கால்.

புளியமரத்தடியில் ஒருவர் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, கையில் டார்ச் விளக்குடன் நின்றிருந்தார். அந்தச் சகோதரியின் கணவர். ஏழு மணிக்கு முன்பே வந்து நின்றவர். சாலையில் வெளிச்சம் தெரிந்த ஒவ்வொரு முறையும் விளக்கை உயர்த்திக் காட்டியிருக்கிறார். நான் காரை நிறுத்தியதும் கதவருகே வந்து, "வாங்க ஐயா" என்றார். சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "மாமா எட்டேகால் வாக்குல போயிட்டாங்க ஐயா" என்றார்.

பெட்டியைத் திறக்கவில்லை.

அன்பானவர்களே, அன்று இரவு வீடு திரும்பும்போது எனக்குக் கருவியின்மேல்தான் கோபம் இருந்தது. எனவே அது எப்படி வேலை செய்கிறது என்பதை அடுத்த நாட்களில் படித்துப் பார்த்தேன். படிக்கப் படிக்க என் கோபம் இடம் மாறிற்று.

ஜி.பி.எஸ். என்பது அமெரிக்கா அமைத்த ஏற்பாடு. அதன் முதல் செயற்கைக்கோள் 1978-இல் ஏவப்பட்டது; முழு அமைப்பும் 1995-இல் செயலுக்கு வந்தது. ஏறக்குறைய 20,200 கிலோமீட்டர் உயரத்தில் குறைந்தது 24 செயற்கைக்கோள்கள் ஒவ்வொன்றும் நாளொன்றுக்கு இருமுறை பூமியைச் சுற்றுகின்றன. ஒவ்வொன்றிலும் அணுக்கடிகாரம் உண்டு. "நான் இன்ன இடத்தில் இருக்கிறேன், இப்போது இன்ன நேரம்" என்பதை மட்டும் அவை இடைவிடாமல் அறிவித்துக்கொண்டே இருக்கின்றன. குறைந்தது நான்கு செயற்கைக்கோள்களின் அறிவிப்பைக் கேட்டு, ஒவ்வொன்றும் வந்துசேர எடுத்துக்கொண்ட நேரத்தைக் கணக்கிட்டு, தான் நிற்கும் இடத்தைக் கண்டுபிடிப்பது நம் கைபேசியின் வேலை. காலக்கணக்கில் ஒரு நொடியின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு பிழைத்தாலும் தூரக்கணக்கில் முந்நூறு மீட்டர் பிழைத்துவிடும். அவ்வளவு நுட்பமான ஏற்பாடு.

2000-ஆம் ஆண்டு மே மாதம் வரை, பொதுமக்களுக்குக் கிடைத்த சமிக்ஞையில் வேண்டுமென்றே பிழை கலக்கப்பட்டிருந்தது. அதை நீக்கிய பிறகே நம் வண்டிகளுக்கு இது உண்மையில் பயன்பட்டது. நம் நாடும் 2013 முதல் செயற்கைக்கோள்களை ஏவி, நாவிக் என்ற சொந்த ஏற்பாட்டை உருவாக்கி வருகிறது. திறந்த வெளியில் ஒரு நல்ல கைபேசி ஐந்து மீட்டர் அளவுக்குள் நம் இடத்தைச் சொல்லிவிடும். உயர்ந்த கட்டடங்களுக்கும் செங்குத்தான பாறைகளுக்கும் நடுவில் சமிக்ஞை மோதித் திரும்பி வருவதால் அந்த அளவு கெடும். பத்து மீட்டர் இடைவெளியில் ஓடும் பெருஞ்சாலையையும் சர்வீஸ் ரோட்டையும் அது குழப்பிக்கொள்வது இதனால்தான்.

ஆனால், கவனியுங்கள். செயற்கைக்கோளுக்கு நம்மைத் தெரியாது. வானத்திலிருந்து ஒரு கண் நம் காரைப் பின்தொடர்வதாகப் பலர் நினைக்கிறார்கள். அது பேசுகிறது, நாம் கேட்கிறோம், அவ்வளவே. அதற்குச் சாலைகளும் தெரியாது. நாம் எங்கே நிற்கிறோம் என்பதற்கு மட்டுமே அந்த ஏற்பாடு பொறுப்பு. எந்த வழியாகப் போக வேண்டும் என்பதைச் சொல்வது வரைபடம். வரைபடத்தை வரைந்தவர் மனிதர். மண்சாலையைத் தார்ச்சாலையாகவும், வண்டித்தடத்தைத் தெருவாகவும், முன்பு இருந்து பிறகு அடித்துச் செல்லப்பட்ட பாலத்தை இன்றும் இருக்கிற பாலமாகவும் வரைபடம் காட்டக்கூடும். சாலையின் அகலம், சரிவு, மழைநாளில் ஓடையில் ஏறும் தண்ணீர் ஆகியவற்றை அறியாமலே, "இது நான்கு நிமிடம் குறைவு" என்று அது தேர்ந்துகொள்ளும்.

இதன் விளைவுகளை நாம் செய்திகளில் வாசித்திருக்கிறோம். 2023 அக்டோபர் மாதத் தொடக்கத்தில் கேரளத்தின் கோதுருத்து என்னும் இடத்தில், பெருமழை பெய்த நள்ளிரவில், ஒரு கார் ஆற்றுக்குள் சென்று இரண்டு இளம் மருத்துவர்கள் உயிரிழந்தார்கள். வரைபடம் காட்டிய வழியே அவர்கள் சென்றதாகக் கூறப்பட்டது. 2024 நவம்பரில் உத்தரப் பிரதேசத்தின் பரேலி அருகே, ஒரு பகுதி இல்லாமற்போன பாலத்திலிருந்து இராமகங்கை ஆற்றுக்குள் கார் விழுந்து மூவர் இறந்தார்கள். அதே ஆண்டு ஜனவரியில் நம் நீலகிரியின் கூடலூரில் ஒரு கார் வீடுகளுக்கிடையே இறங்கும் படிக்கட்டில் வந்து சிக்கிக்கொண்டது; நல்லவேளையாக ஊராரும் காவலரும் உதவ, அதில் இருந்தவர்கள் தப்பினார்கள். இவற்றை வாசிக்கும்போது, "கண் தெரியவில்லையா இவர்களுக்கு?" என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். நானும் சொல்லியிருக்கிறேன். முள்வேலிக்கு முன்னால் நின்ற இரவுக்குப் பிறகு அப்படிச் சொல்வதில்லை.

நம் மாவட்டத்தில் ஆபத்தில்லாத, சிரிப்பூட்டும் தொல்லைகளும் உண்டு. ஊர்ப்பெயர்களையே எடுத்துக்கொள்ளுங்கள். பாப்பிரெட்டிப்பட்டியையும் மாரண்டஅள்ளியையும் ஆங்கில எழுத்தில் வாசித்து உச்சரிக்கும் அந்தக் குரலுக்கு நம்மூர்ப் பிள்ளைகள் எப்போதும் சிரிப்பார்கள். 'அள்ளி' என்று முடியும் ஊர்கள் இங்கே எத்தனை! ஒரே பெயரில் இரண்டு, மூன்று ஊர்கள் இருப்பதால்தான் பி. மல்லாபுரம், ஏ. பள்ளிப்பட்டி என்று முன்னெழுத்துச் சேர்த்து வழங்குகிறோம். அந்த ஓரெழுத்தை விட்டுவிட்டால் கருவி வேறோர் ஊருக்குக் கொண்டுபோய்விடும். தெலங்கானாவில் கோதாவரிக் கரையில் இன்னொரு தர்மபுரியே இருக்கிறது. எங்கள் கூட்டத்திற்குச் சேலத்திலிருந்து வரவிருந்த நண்பர் ஒருவர், பாலக்கோடு என்பதற்குப் பதிலாகப் பாலக்காட்டைத் தட்டிவிட்டார். சங்ககிரி வந்த பிறகே, தொப்பூர்க் கணவாய் ஏன் இன்னும் வரவில்லை என்று யோசித்திருக்கிறார்!

தொப்பூர்க் கணவாய் என்றதும் சிரிப்பு நின்றுவிடுகிறது. தருமபுரியிலிருந்து சேலம் நோக்கி இறங்கும் அந்தச் சரிவில் எத்தனை குடும்பங்கள் தங்கள் அன்பானவர்களை இழந்திருக்கின்றன! டீசலை மிச்சப்படுத்த நியூட்ரலில் இறங்கும் லாரிகளும், சூடேறிப் பிடிக்காமற்போகும் பிரேக்குகளும், இரட்டைப் பாலத்தின் அருகிலுள்ள வளைவும் நம் ஓட்டுநர்களுக்குத் தெரியும். கருவிக்கோ அது சில கிலோமீட்டர் நீளமுள்ள ஒரு கோடு. "நேராகச் செல்லவும்" என்பதோடு அதன் கடமை முடிந்தது. தாழ்ந்த கியரில் இறங்கு, முன்னால் போகும் லாரியை விட்டு விலகி வா என்று சொல்ல அந்த வழியில் பலமுறை இறங்கியவர் ஒருவர் வேண்டும்.

கோடே இல்லாத ஊர்களும் நம்மிடம் உண்டு. பென்னாகரம் வட்டத்தின் கோட்டூர் மலைக்கு 2021 சட்டமன்றத் தேர்தலின்போது வாக்குப்பதிவு இயந்திரங்கள் கழுதைகளின் முதுகில் ஏற்றிச் செல்லப்பட்டதைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். அங்கே செல்லும் தேர்தல் அலுவலருக்கு வானத்து இருபத்து நான்கு கோள்களும் அவர் நிற்கும் பாறையை அடிக்கணக்கில் சொல்லிவிடும். ஆனால் அடுத்த அடியை எங்கே வைப்பது என்பதைக் கழுதையை ஓட்டிச் செல்கிறவரிடம்தான் கேட்க வேண்டும்.

இந்த மண்ணுக்கு வழிகாட்டுதலில் ஒரு பழைய மரபு இருக்கிறது. தருமபுரிப் பகுதியில் கிடைத்த அதியமான் பெருவழிக் கற்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 13-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அக்கற்களில் ஒன்று, நாவற்தாவளம் என்ற இடத்துக்கு இன்னும் 29 காதம் என்று அறிவிக்கிறது. தூரத்தை எழுத்தால் பொறித்தவர்கள் அதோடு நிறுத்தவில்லை. பத்துக்கு ஒரு பெரிய குழியாக இரண்டு, ஒன்றுக்கு ஒரு சிறு குழியாக ஒன்பது என்று கல்லில் குழிகளையும் வெட்டியிருக்கிறார்கள். எழுதப் படிக்கத் தெரியாத வணிகனும் சுமைகூலியும் இருட்டில் விரலால் தடவிப் பார்த்துத் தூரத்தை அறிந்துகொள்ளலாம். அந்தக் கல்லை நட்டவர், தம்மைப்போல் எழுத்தறியாத ஒருவன் களைத்துப்போய் அவ்வழியே வருவான் என்று நினைத்துப் பார்த்திருக்கிறார். வழிகாட்டுதல் என்பது அங்கேதான் தொடங்குகிறது என்று எண்ணுகிறேன். வரப்போகிறவனை நினைப்பதில்.

அன்று இறந்துபோன பெரியவரும் அப்படிப்பட்டவரே. அவர் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கிராமத் தபால்காரராக இருந்தவர். சைக்கிள் போகும் இடத்துக்குச் சைக்கிளிலும், போகாத இடத்துக்கு நடந்தும் சென்றவர். ஒருமுறை அவரோடு பேசிக்கொண்டிருந்தபோது பின்கோடு பற்றிச் சொன்னார். 1972 ஆகஸ்டு 15-இல் நாடு முழுவதும் அறிமுகமான அந்த ஆறு இலக்கங்கள் கடிதத்தைச் சரியான அஞ்சலகத்துக்குக் கொண்டுவந்துவிடும். 636808 என்று எழுதினால் இந்தியாவின் எந்த மூலையிலிருந்தும் பாலக்கோட்டுக்கு வந்துவிடும். "அதுக்கு அப்புறம் நான் இருக்கேன் ஐயா" என்று சிரித்தார். மாடிவீட்டு முனுசாமி யார், மாட்டுக்கார முனுசாமி யார், எந்த முனுசாமியின் மகன் பட்டாளத்திலிருந்து பணம் அனுப்புவான் என்பதெல்லாம் எந்த இலக்கத்திலும் இல்லை. அவர் தலைக்குள் இருந்தது.

இத்தகைய மனிதருடைய வீட்டுக்குத்தான், வழி சொல்ல வந்தவரைப் பேசவிடாமல் நான் புறப்பட்டேன்.

இங்கே இன்னொன்றையும் அறிக்கையிட வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வாலிபர் கூட்டத்தில் இதே கருவியை உவமையாக வைத்துப் பிரசங்கித்தேன். "நீங்கள் தவறான வழியில் திரும்பினாலும் அது உங்களைத் திட்டுவதில்லை, உடனே புது வழியைக் கணக்கிட்டுத் தருகிறது, தேவனுடைய கிருபையும் அப்படியே" என்றேன். கேட்டவர்கள் தலையசைத்தார்கள். உங்களில் சிலரும் இந்த உவமையைப் பல மேடைகளில் கேட்டிருக்கலாம். இப்போது அதை நான் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

கருவி திட்டாதது உண்மைதான். அதனால் திட்டவும் இயலாது, வருந்தவும் இயலாது. ஓடைக்கரையில் என்னைக் கொண்டுவந்து நிறுத்தியபோதும் அதன் குரல் மாறவில்லை. மீண்டும் இணைப்புக் கிடைத்ததும், ஒன்றும் நடவாததுபோல் புதிய வழியைக் காட்டிற்று. "நான் உன்னைத் தவறாக நடத்திவிட்டேன்" என்று அது ஒருக்காலும் சொல்லாது. நாளைக்கு இன்னொருவரை அதே முள்வேலிக்குக் கூட்டிவரும். வழியை மாற்றிக்கொள்வது வேறு, மனந்திரும்புதல் வேறு. மனந்திரும்புகிறவன் தன்னால் காத்துநின்றவரை நினைக்கிறான். அவரிடம் சென்று நிற்கிறான்.

நான் அதுவரை செய்திருந்தது கருவி செய்ததைத்தான். அடக்க ஆராதனையை நடத்தினேன். பெரியவரைப் பற்றி நன்றாகவே பேசினேன். "மழையால் தாமதமாயிற்று" என்று அங்கே கேட்டவர்களிடம் சொன்னேன். மழை பெய்தது உண்மை. தாமதம் மழையால் அல்ல என்பதும் எனக்குத் தெரியும். என் வழியைச் சத்தமில்லாமல் மாற்றிக்கொண்டு போய்விட்டேன்.

இரண்டு வாரங்கள் கழித்து ஒரு பிற்பகலில் அந்த வீட்டுக்குச் சென்றேன். அந்தப் பெட்டிக்கடைத் திருப்பத்தில் வண்டியை நிறுத்தி, அதே மூதாட்டியிடம் வழி கேட்டேன். "இப்படிப் போவாதப்பா, இது ஓடையில போயி நின்னுடும். இன்னும் தள்ளிப் போ, புளியமரம் வரும்" என்றார். பத்து நொடிகள்கூட ஆகவில்லை. அந்தச் சகோதரி பாதியில் நிறுத்திய வாக்கியத்தின் மறுபாதி அதுதான்.

வீட்டில் அந்தச் சகோதரியும் அவர் கணவரும் பெரியவரின் மனைவியும் இருந்தார்கள். அன்றைக்கு அவர் சொல்ல வந்ததை நான் கேட்காமல் விட்டதால்தான் வழி தவறியது என்றும், மழை என்று சொன்னது முழு உண்மை அல்ல என்றும் சொன்னேன். மருமகன் அவசரமாக, "விடுங்க ஐயா, அந்தத் திருப்பத்துல எல்லாருமே ஏமாறுறாங்க. அதனாலதான் நான் போய் நின்னேன்" என்றார்.

அந்தச் சகோதரி சற்று நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெல்லச் சொன்னார்: "அப்பா ரெண்டு தடவை கேட்டாங்க ஐயா. 'ஐயாவுக்கு அந்த ரோட்டைப் பத்திச் சொன்னியா'ன்னு. சொல்லிட்டேன்பான்னு சொன்னேன்."

எனக்குப் பதில் இல்லை. மூச்சுவிடச் சிரமப்பட்ட அந்த வேளையிலும் வரப்போகிறவன் வழி தவறக்கூடாதே என்று ஒரு தபால்காரர் கவலைப்பட்டிருக்கிறார். அவர் நிம்மதியாக இருக்கட்டும் என்று, நான் கேட்க மறுத்ததை நான் கேட்டதாகவே ஒரு மகள் சொல்லியிருக்கிறார். அந்தச் சுமையை இரண்டு வாரங்கள் அவர் தனியே சுமந்திருக்கிறார்.

அப்போஸ்தலர் நடபடிகளில் காசா செல்லும் வனாந்தரச் சாலையில் பயணம் செய்த எத்தியோப்பிய அதிகாரியை நினைத்துப் பாருங்கள். அவர் ஓர் அரசியின் கருவூலம் முழுவதற்கும் பொறுப்பானவர். இரதம் இருந்தது, கையில் ஏட்டுச்சுருளும் இருந்தது. ஆயினும், ஓடிவந்து விசாரித்த முன்பின் அறியாத ஒருவரிடம், தமக்கு விளங்கவில்லை என்பதை அவர் மறைக்கவில்லை. அவரை இரதத்தில் ஏற்றித் தம் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார். கையில் சுருள் இருக்கிறதே, இவரிடம் எதற்குக் கேட்க வேண்டும் என்று அவர் நினைத்திருந்தால் அந்தப் பயணம் வேறுவிதமாக முடிந்திருக்கும். நான் அந்த வேதபாகத்தை எத்தனையோ முறை பிரசங்கித்திருக்கிறேன். பெட்டிக்கடை வாசலில் அது என் நினைவுக்கு வரவில்லை.

ஆகவே, அன்பானவர்களே, அந்தக் கருவியைத் தூக்கி எறியுங்கள் என்று நான் சொல்லவில்லை. நானும் எறியவில்லை. அறியாத நகரத்தில் நள்ளிரவில் மருத்துவமனையைத் தேடுகிறவருக்கு அது பெரிய உதவி. ஆனால் அதற்குரிய இடத்தில் அதை வையுங்கள். புறப்படுமுன் அந்த ஊர்க்காரர் ஒருவரோடு பேசுங்கள். அவர் சொல்லி முடிக்கும்வரை கேளுங்கள். மலைப்பகுதிக்குச் செல்வதானால் வரைபடத்தை முன்பே கைபேசியில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். செயற்கைக்கோளின் குரல் காட்டுக்குள்ளும் எட்டும். வரைபடத்தைக் கொண்டுவரும் இணைப்பு எட்டாது. ஊர்ப்பெயரோடு வட்டத்தின் பெயரையும் பின்கோட்டையும் சரிபாருங்கள். சாலைமேல் தண்ணீர் ஓடினால், நேர்வழி என்று எந்தக் குரல் சொன்னாலும் நின்றுவிடுங்கள். கண்ணால் காண்பதும் காதால் கேட்பதும் மாறுபட்டால் கண்ணை நம்புங்கள். தெருவோரத்தில் நிற்கிறவரிடம் கேட்பதை இழிவாக எண்ணாதிருங்கள்.

வாழ்க்கைப் பயணத்திலும் இதுவே. விரல் நுனியில் ஆயிரம் பதில்கள் கிடைக்கும் காலத்தில், பக்கத்திலிருக்கிறவரின் வாக்கியத்தை இடைமறிப்பது நமக்குப் பழக்கமாகிவிட்டது. வயதான தாய் ஏதோ சொல்லத் தொடங்குகிறார்; "எனக்குத் தெரியும் அம்மா" என்கிறோம். மனைவி ஒன்றைச் சொல்லி எச்சரிக்க வருகிறார், பாதியிலேயே எழுந்துவிடுகிறோம். தேவன் நம்மிடம் பேச விரும்பும் எச்சரிப்பு, நாம் கேட்காமல் விட்ட அந்த மறுபாதியில் இருந்திருக்கக்கூடும். இந்த வாரத்தில் யாருடைய வாக்கியத்தை நீங்கள் பாதியில் நிறுத்தினீர்கள்? அவரிடம் திரும்பிச் சென்று, "அன்றைக்கு என்ன சொல்ல வந்தீர்கள்?" என்று கேட்பீர்களா?

அந்தப் பிற்பகலில், திறக்கப்படாமல் திரும்பிச் சென்ற அதே சிறு பெட்டியை மீண்டும் எடுத்துச் சென்றிருந்தேன். பெரியவரின் மனைவி திருவிருந்து எடுக்க விரும்பினார். நான்கு பேரும் அந்தக் கூடத்தில், சுவரில் மாட்டியிருந்த அவருடைய காக்கி உடைப் புகைப்படத்தின் கீழ் அமர்ந்தோம். புறப்படும்போது இருட்டிவிட்டது. மருமகன் டார்ச் விளக்கை எடுத்துக்கொண்டு புளியமரம்வரை காரின் முன்னால் நடந்து வந்தார். "வழி தெரியும், வேண்டாம்" என்று சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் விட்டேன். அவர் வெளிச்சத்தின் பின்னே மெதுவாக வண்டியை ஓட்டினேன்.

நம்மை அறியாத ஒரு குரலின் சொற்படி எத்தனையோ திருப்பங்களில் திரும்புகிறோம். நம்மை அறிந்து, நமக்காகக் காத்து நிற்கிற ஆண்டவர் இந்த வாரம் உங்கள் பாதைகளைச் செவ்வைப்படுத்துவாராக. அவர் உங்களுக்காகத் திருப்பங்களில் நிறுத்தியிருக்கும் மனிதரை அடையாளம் காணும் கண்களையும் தருவாராக. ஆமென்.